துண்டுபடாத காட்டுக்கு ஈடு ஏது?

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற கணக்கில், நாட்டின் காடுகளைப் பற்றிய அறிக்கை ஒன்றை மத்திய அரசு வெளியிடுகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் தயாரிக்கும் அறிக்கை இது. 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையின்படி, நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம் காடுகளாலும் மரங்களாலும் மூடப்பட்டிருக்கிறது. முந்தைய கணக்கெடுப்புடன் ஒப்பிட்டால் 1,445 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நிலம் காடாக இருக்க வேண்டும் என்ற 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையின் இலக்கை நோக்கி நாடு ஓர் அடி எடுத்து வைத்துவிட்டதாக மகிழலாம். ஆனால், இந்தச் சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மர நிழல் விழுந்தால் போதும், அது காடு. நிலம் யாருக்குச் சொந்தம், மரம் எந்த வகை என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. தென்னந்தோப்பும், ரப்பர் தோட்டமும், தைல மரக் காடும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கை படாத மழைக்காடும் ஒரே கூட்டுத்தொகையில் வந்து சேருகின்றன. மரக்கவிப்பு 70 சதவீதத்தைத் தாண்டிய மிக அடர்ந்த காடு நாட்டின் பரப்பில் சுமார் 3 சதவீதம் மட்டுமே என்பதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது. காடுகள் மிகுந்த வடகிழக்கு மாநிலங்களில் 327 சதுர கிலோமீட்டர் காடு குறைந்திருப்பதையும் அது மறைக்கவில்லை. ஆயினும், கொள்கை வகுப்போர் கண்ணில் படுவதும், நாடாளுமன்றத்தில் பெருமையுடன் சொல்லப்படுவதும் மொத்தச் சதவீதம்தான்.

காட்டின் பரப்பு என்பது வேறு. காட்டின் முழுமை என்பது வேறு. சாலை, சுரங்கம், மின்தடம், குடியிருப்பு ஆகியவற்றால் அறுபடாமல், ஒரே தொடர்ச்சியாகப் பரந்து கிடக்கும் காட்டையே முழுமையான காடு என்கிறார்கள் விஞ்ஞானிகள். அப்படிப்பட்ட வனப்பரப்பு குறைந்தது 500 சதுர கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலும் வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலின்படி, 2000-க்கும் 2013-க்கும் இடையிலான பதின்மூன்று ஆண்டுகளில் மட்டும் உலகின் முழுமையான காடுகளில் 7.2 சதவீதம் பறிபோயிருக்கிறது. அண்டார்டிகாவைத் தவிர்த்த உலக நிலப்பரப்பில் 77 சதவீதம் மனிதச் செயல்களால் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டதாகவும், எஞ்சியிருப்பதில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டது ரஷியா, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளின் கையில் இருப்பதாகவும் 2018-இல் ஓர் ஆய்வு கூறியது.

ஒரு காட்டை நூறாக அறுத்துவிட்டு, பரப்பு குறையவில்லையே என்று வாதிட முடியுமா? எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோமீட்டர் நீளமும் பத்துக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட காட்டின் சுற்றெல்லை 40 கிலோமீட்டர். அதையே ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள நூறு துண்டுகளாக்கினால், எல்லைகளின் மொத்த நீளம் 400 கிலோமீட்டர். பரப்பு அதே 100 சதுர கிலோமீட்டர்தான். ஆனால், வெயிலும் வறண்ட காற்றும் தீயும் களைச்செடியும் நுழைவதற்கான வாசல் பத்து மடங்காகிவிட்டது.

இது ஏட்டுக் கணக்கல்ல. பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே 1979-இல் உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு, அமேசான் காட்டின் துண்டுகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. துண்டுபட்ட காட்டின் விளிம்புகளில் பெருமரங்களே முதலில் சாய்கின்றன. அவற்றின் இடத்தை விரைவில் வளரும் சிறு மரங்களும் கொடிகளும் பிடிக்கின்றன. காடு தேக்கி வைத்திருந்த கரியின் அளவு சரிகிறது. உட்காட்டுப் பறவைகள் மறைகின்றன என்பதை அந்த ஆய்வு காட்டியது. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே காடு செத்துக் கொண்டிருக்கும்.

இத்தகைய பெருங்காடுகள் அந்தந்த நாட்டின் சொத்து மட்டுமல்ல. அமேசான் காட்டின் மரங்கள் வெளியிடும் நீராவி, மழை மேகமாகித் தென் அமெரிக்காவின் தெற்குப் பகுதி வயல்கள் வரை செல்கிறது. அந்தக் காட்டில் 20 முதல் 25 சதவீதம் அழிந்தால் எஞ்சிய காடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாமல் புல்வெளியாக மாறத் தொடங்கும் என்று லவ்ஜாயும் பிரேசில் விஞ்ஞானி கார்லோஸ் நோப்ரேயும் 2018-இல் எச்சரித்தார்கள். ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையில், சதுப்புக் காட்டின் அடியில் சுமார் 3,000 கோடி டன் கரி புதைந்து கிடப்பது 2017-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. காடு குலைந்து சதுப்பு காய்ந்தால், அத்தனையும் காற்றில் கலக்கத் தொடங்கும். நம் வீட்டு வாசலுக்கே வருவோம். தென்மேற்குப் பருவக் காலத்தில் தமிழகத்தில் பெய்யும் மழையின் ஈரப்பதத்தில் கணிசமான பங்கை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளே அனுப்பி வைக்கின்றன என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் கண்டறிந்தார்கள். குடகிலும் வயநாட்டிலும் காடு அறுபட்டால் காவிரியில் மட்டுமல்ல, வானத்திலும் நீர் குறையும் என்பதே இதன் பொருள்.

இந்தியாவில் இந்த முழுமைக்குச் சட்டத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. காப்புக்காடு உண்டு, சரணாலயம் உண்டு, தேசியப் பூங்கா உண்டு. ஆனால், "இது துண்டுபடாதது, எனவே தொடக்கூடாது" என்று சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. எந்தக் காடானாலும் விலை ஒன்று வைக்கலாம்; அதற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்பதுதான் நடைமுறை. 2016-இல் ஈட்டுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் இதற்கு முழு வடிவம் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் ஒரே தவணையில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு இந்நிதியிலிருந்து வழங்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகை சேர்ந்திருக்கிறது என்றால், இவ்வளவு காடு விலைபோயிருக்கிறது என்றுதான் பொருள்.

தொடக்கூடாத காடு எது என்று வரையறுக்க முயன்றதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. நிலக்கரித் துறையும் சுற்றுச்சூழல் துறையும் இணைந்து ஒன்பது நிலக்கரிப் படுகைகளை ஆராய்ந்து, சுரங்கம் தோண்டக்கூடாத பகுதிகளை 2010-இல் அடையாளம் கண்டன. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரண்ட் காடு முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. சுமார் 1,70,000 ஹெக்டேரில் பரந்துள்ள அந்த சால மரக் காடு, மத்திய இந்தியாவில் துண்டுபடாமல் எஞ்சியிருக்கும் பெருங்காடுகளில் ஒன்று. ஆனால், மறு ஆண்டே, வன ஆலோசனைக் குழு மறுத்த பிறகும், காட்டின் விளிம்பில்தான் சுரங்கம் வருகிறது என்ற காரணத்தைக் காட்டி முதல் அனுமதி வழங்கப்பட்டது. 2014-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது; உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் சுரங்கம் தொடர்ந்தது. 2022-இல் இரண்டாம் கட்டத்துக்கும் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில், ஹஸ்தேவில் ஒதுக்கப்பட்ட நிலக்கரி வயல்களை ரத்து செய்யுமாறு சத்தீஸ்கர் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. முதல் அனுமதியை வழங்கியது காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசு. இரண்டாம் கட்டத்துக்கு இசைந்தது பாஜக தலைமையிலான மத்திய அரசு. இதில் கட்சி வேறுபாடு பார்க்க இடமில்லை.

அறுபட்ட காட்டின் விலையை அங்கே யார் கொடுக்கிறார்கள்? நாட்டின் யானைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவையே சத்தீஸ்கரில் உள்ளன. ஆனால், யானை - மனித மோதலில் உயிரிழப்போரில் 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாநிலத்தவர் என்று 2021-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் சுட்டிக்காட்டியது. வழித்தடம் இழந்த யானை ஊருக்குள் வருகிறது. உழவனின் உயிர் போகிறது. மின்சாரமோ வேறெங்கோ எரிகிறது.

ஹஸ்தேவில் நடந்ததே இப்போது இன்னும் பெரிய அளவில், நாட்டின் தென்கோடியில் நடக்கவிருக்கிறது. சுமத்ராவுக்கு அருகே, ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரேட் நிகோபார் தீவின் பெரும்பகுதி மழைக்காடு. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2013-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்ற தீவு அது. அங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம், விமான நிலையம், மின் நிலையம், பெருநகரம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்டமிடப்பட்டபோது மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். இதற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காடு கைமாறும். வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று 2023-இல் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

துறைமுகம் அமையவிருக்கும் கலாத்தியா விரிகுடா, உலகின் மிகப் பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை முட்டையிட வரும் கரை. மண்ணையும் இலைகளையும் மேடாகக் குவித்து முட்டையிடும் நிகோபார் மெகாபோட் பறவை, நிகோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இவற்றுக்காக ஏற்படுத்தப்பட்ட கலாத்தியா விரிகுடா சரணாலயத்தின் அறிவிக்கை, துறைமுகத்துக்கு வழிவிடும் பொருட்டு 2021 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

வெட்டப்படும் காட்டுக்கு ஈடு எங்கே வளர்க்கப்படும் தெரியுமா? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலே இல்லாத ஹரியாணாவில். ஆரவல்லியின் வறண்ட குன்றுகளைப் பாதுகாப்பது நல்ல செயல்தான். அது தனியாகச் செய்யப்பட வேண்டியது. ஆனால், ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் தீவுக் காட்டின் இழப்பை ஆரவல்லியின் முட்புதர்க் காடு எப்படி ஈடு செய்யும்? ஆமை ஹரியாணாவுக்குப் போகுமா? அங்கே வாழும் ஷோம்பென் மக்கள்தான் போவார்களா?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 229 பேர் மட்டுமே கொண்ட பழங்குடியினர் ஷோம்பென்கள். காட்டின் உட்பகுதியில் வேட்டையாடியும் கிழங்கும் கனியும் சேகரித்தும் வாழும் இவர்களில் பெரும்பாலோர் வெளியாரிடமிருந்து விலகியே இருப்பவர்கள். நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சல் இவர்களுக்கு எமனாகலாம். 2011-இல் சுமார் எட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில், இத்திட்டம் நிறைவேறினால் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்பது மதிப்பீடு. 1858-இல் ஆங்கிலேயர் அந்தமானில் சிறைக் குடியிருப்பு அமைத்தபோது பல ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், நோயாலும் மோதலாலும் அருகி, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகிவிட்டார்கள். இந்த வரலாறு தெரிந்திருந்தும் அதே தவறைச் சுதந்திர இந்தியா செய்யலாமா?

தீவின் மற்றொரு பழங்குடியினரான நிகோபாரிகளின் குறையும் கேட்கப்பட வேண்டும். 2004 சுனாமியில் தங்கள் கடற்கரைக் கிராமங்களை இழந்து, அரசு அமைத்த குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டவர்கள் இவர்கள். மூதாதையர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அன்றுமுதல் இவர்களின் கோரிக்கை. அந்த ஊர்களில் சில திட்டப் பகுதிக்குள் வருவதை அறிந்ததும், பழங்குடியினர் மன்றம் முன்னர் அளித்திருந்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அதே சுனாமி நாளில் இந்திரா முனையில் நிலமே சுமார் நான்கு மீட்டர் தாழ்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அரசுத் தரப்பின் வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல் பாதைக்கு அருகில் இருக்கும் தீவு இது. சீனக் கடற்படையின் நடமாட்டம் இந்துமகா சமுத்திரத்தில் பெருகி வரும் நாளில் அங்கே நமது பலம் கூட வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால், தீவின் கேம்பல் விரிகுடாவில் கடற்படையின் விமான தளம் 2012 முதல் இயங்குகிறது. 1969-இலிருந்து குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களும், தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட, அங்கே வாழ்கின்றன. அந்தத் தளத்தின் ஓடுபாதையை நீட்டுவதையோ கண்காணிப்பை வலுப்படுத்துவதையோ எதிர்ப்போர் இல்லை. கேள்வி எல்லாம், மூன்றரை லட்சம் பேருக்கான நகரமும் சுற்றுலா விடுதிகளும் எந்த விதத்தில் ராணுவத் தேவை என்பதுதான். பெரிய கப்பல்கள் அணையக்கூடிய சரக்கு மாற்றுத் துறைமுகம் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்ட பிறகு, வணிகக் காரணமும் மறு ஆய்வுக்கு உரியதாகிறது.

அந்தமான் - நிகோபார் தீவுகளின் மொத்தக் காட்டில் இது 2 சதவீதம்கூட இல்லையே என்பது அரசின் இன்னொரு வாதம். மீண்டும் அதே சதவீதக் கணக்கு! உடலின் எடையில் இதயம் எத்தனை சதவீதம் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பணக்கார நாடுகள் தம் காடுகளை அழித்து வளர்ந்துவிட்டு ஏழை நாடுகளுக்கு உபதேசம் செய்கின்றன என்ற குற்றச்சாட்டும் உண்மையே. தன் யாசுனி வனத்தின் அடியிலுள்ள எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடுவதாகவும், அதற்கு ஈடாக அந்த வருமானத்தில் பாதியை, அதாவது 360 கோடி டாலரை, உலகம் தர வேண்டும் என்றும் ஈக்வடார் 2007-இல் முன்வைத்த யோசனை, போதிய நிதி வராததால் 2013-இல் கைவிடப்பட்டது. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்த ஏழை நாட்டின் மக்களில் சுமார் 59 சதவீதத்தினர், எண்ணெய் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். உலகம் பணம் தரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நிற்கும் வெப்பமண்டலக் காட்டுக்குத் தொகை வழங்கும் நிதியம் ஒன்றை 2025 நவம்பரில் பெலெம் நகர மாநாட்டின்போது பிரேசில் தொடங்கி வைத்தது. இத்தகைய நிதியில் உரிமையுடன் பங்கு கேட்க வேண்டுமானால், நம்மிடம் நிற்கும் காடு இருக்க வேண்டும்.

நமக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டம், நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டு, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. அது வெறும் 90 சதுர கிலோமீட்டர். அதைக் காத்ததால் கேரளம் இருளில் மூழ்கிவிடவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பன்னிரண்டு கிராம சபைகளிடம் கேட்கப்பட்டது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை நிற்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, நாட்டில் துண்டுபடாமல் எஞ்சியிருக்கும் காடுகளை வரைபடமிட்டு, வன அளவை அறிக்கையில் தனியாக வெளியிட வேண்டும். உயிர்ச்சூழல் முழுமை மிகுந்த பகுதிகளின் இழப்பை 2030-க்குள் ஏறத்தாழ இல்லாமல் ஆக்குவதாக 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்பாட்டில் இந்தியாவும் இணைந்திருக்கிறது. எது இருக்கிறது என்றே தெரியாமல் இழப்பை எப்படித் தடுப்பது? இரண்டு, அந்தக் காடுகளுக்கு ஈட்டுக் காடு என்ற வழியைச் சட்டத்திலேயே அடைக்க வேண்டும். எல்லைக்கு 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற திட்டங்களுக்கு விலக்கு அளிக்கும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் இந்த நோக்கில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மூன்று, கிரேட் நிகோபாரில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினரின் உரிமை முறையாகத் தீர்மானிக்கப்படும்வரை ஒரு மரமும் வெட்டப்படக்கூடாது. பசுமைத் தீர்ப்பாயத்தின் 2023 ஏப்ரல் ஆணைப்படி அமைந்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்க அரசு மறுத்து வந்திருப்பது ஏற்கத்தக்கதல்ல. ராணுவ ரகசியம் இருந்தால் அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு மற்றவற்றை வெளியிடலாம். ஆமையும் பவளப்பாறையும் ராணுவ ரகசியங்கள் அல்ல.

துறைமுகத்தை வேறிடத்தில் கட்டலாம். நிலக்கரியை வேறிடத்தில் தோண்டலாம். மின்சாரத்தைச் சூரியனிடமிருந்தும் பெறலாம். அறுபடாத காட்டை மட்டும் எந்த அரசாலும், எத்தனை கோடி செலவிட்டாலும், இன்னோரிடத்தில் உண்டாக்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தில்லியின் கோப்புகள் ஏற்றுக்கொள்ளும்வரை, நாட்டின் காட்டுச் சதவீதம் உயர்ந்துகொண்டே இருக்கும். காடு குறைந்துகொண்டே இருக்கும்.